புல்வார் விளிம்பில் நின்ற வண்டிகள்: புதுச்சேரி நகரமைப்பும் பொதுப் போக்குவரத்தும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சிந்தியாவின் தலைநகராக விளங்கிய புதுச்சேரி, நேர்கோட்டு வீதிகளையும் அவற்றைச் சூழ்ந்த நீள்வட்டச் சாலையையும் கொண்ட திட்டமிட்ட நகரமாக அறியப்படுகிறது. நடந்து செல்வோரையும் பல்லக்கையும் மாட்டுவண்டியையும் கருத்தில் கொண்டு, மதிலுக்குள் வரையப்பட்ட திட்டம் அது. 19ஆம் நூற்றாண்டில் கப்பல்துறைப் பாலமும் ரயிலும் பஞ்சாலையும் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் பேருந்து வந்தது. இவை அனைத்தும் அந்த நீள்வட்டத்தின் விளிம்பிலோ அதற்கு வெளியிலோ நின்றன. விளிம்புக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தொலைவைப் புஷ்வண்டி முதல் டெம்போ வரையிலான சிறு வண்டிகளே நிரப்பின. இந்நிலை வீதிகளின் குறுகலால் மட்டும் விளைந்ததன்று. நகரத்தை எல்லைகளால் வரையறுத்த ஆட்சிமுறையின் தொடர்ச்சியாகவும் விளைந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, பிரெஞ்சிந்தியா, நகரமைப்பு, புல்வார், பொதுப் போக்குவரத்து, புஷ்வண்டி, டெம்போ, உழவர்கரை.

1. முன்னுரை

புதுச்சேரி நகரமைப்பைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கட்டடக்கலையையும் மரபுப் பாதுகாப்பையும் மையமாகக் கொண்டவை. வெள்ளையர் நகரின் மஞ்சள் சுவர்களும் தமிழர் நகரின் தாழ்வாரத் திண்ணைகளும் அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. அவ்வீதிகளில் மக்கள் எவ்வாறு பயணம் செய்தனர், எங்கிருந்து வந்தனர், எங்கே இறங்கினர் என்னும் வினாக்கள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. ஒரு நகரத்தின் வரைபடம் அது எவ்வாறு இருக்க வேண்டும் என்று ஆள்வோர் விரும்பியதைக் காட்டும். அந்நகரின் போக்குவரத்தோ, மக்கள் அதை எவ்வாறு பயன்படுத்த நேர்ந்தது என்பதைக் காட்டும். இவ்விரண்டும் பொருந்தாத இடங்களே வரலாற்று ஆய்வுக்குப் பயன் தருபவை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3,232 பேர் வாழ்ந்தனர். புதுச்சேரி நகராட்சியின் மக்கள்தொகை 2,44,377. அதை ஒட்டிய உழவர்கரை நகராட்சியின் மக்கள்தொகை 3,00,104. உலகம் 'பாண்டிச்சேரி' என்று அறியும் நகரத்தைவிட, அதன் மேற்கிலும் வடக்கிலும் பரவிய நகராட்சியே மக்கள்தொகையில் பெரிது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. திட்டமிட்ட நகரம் ஓரிடத்திலும் பெரும்பாலான மக்கள் வேறிடத்திலும் அமைந்த இந்நிலைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு.

2. மதிலுக்குள் வரையப்பட்ட நகரம்

1674 முதல் பிரான்சுவா மர்த்தேனின் முயற்சியால் புதுச்சேரி பிரெஞ்சு வணிகத் தளமாக உருப்பெற்றது. 1693இல் ஒல்லாந்தர் இதைக் கைப்பற்றினர். 1699இல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் பெற்றனர். ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நேர்வீதிகளைக் கொண்ட கட்டம் போன்ற அமைப்பு, ஒல்லாந்தர் ஆட்சியில் வரையப்பட்ட திட்டத்தின் வழிவந்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. பின்வந்த பிரெஞ்சு ஆட்சியாளர் அதையே விரித்தனர். 18ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஐங்கோண வடிவில் லூயி கோட்டை எழுந்தது. நகரைச் சுற்றி மதில் அமைந்தது.

1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றிக் கோட்டையையும் மதிலையும் தகர்த்தனர். 1763ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின், 1765இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. ழான் லா தெ லொரிஸ்தோன் ஆளுநராக இருந்த காலத்தில் மீட்டுருவாக்கம் நடைபெற்றது. இம்மீட்டுருவாக்கம் பழைய வீதிக் கட்டத்தின் மீதே அமைந்தது. அழிந்த நகரத்தை வேறு வடிவில் எழுப்பும் வாய்ப்பு இருந்தபோதும், பழைய கோடுகளே மீண்டும் வரையப்பட்டன. காலப்போக்கில் மதிலும் அகழியும் இருந்த இடத்தில் மரங்கள் அணிவகுத்த அகன்ற சாலைகள் தோன்றின. இவையே புல்வார்கள். இன்றைய அண்ணா சாலை மேற்குப் புல்வாராகவும், சர்தார் வல்லபாய் படேல் சாலை வடக்குப் புல்வாராகவும், சுப்பையா சாலை தெற்குப் புல்வாராகவும் இருந்தவை. கிழக்கில் கடற்கரைச் சாலை இவ்வளையத்தை நிறைவு செய்கிறது.

மதில் சாலையாக மாறியபோது நகரின் எல்லைக்கோடு மறையவில்லை. அதன் பொருள் மட்டும் மாறியது. பகைவரைத் தடுத்த கோடு, உலாவுவதற்கான கோடாகியது. இருப்பினும் 'நகரம்' என்பது அக்கோட்டுக்கு உட்பட்டது என்னும் எண்ணம் தொடர்ந்தது. கோட்டுக்கு உள்ளேயும் வடக்கு தெற்காக ஓடிய பெரிய வாய்க்கால், கடலோர வெள்ளையர் நகரையும் மேற்கிலிருந்த தமிழர் நகரையும் பிரித்தது.

இந்நகரின் அளவு நடைக்கு ஏற்றது. புல்வார்களுக்கு இடையே எந்த முனையிலிருந்தும் மற்றொரு முனைக்கு அரைமணி நேரத்துக்குள் நடந்து சேரலாம். எனவே 18ஆம் நூற்றாண்டில் வண்டி என்பது தொலைவைக் கடக்கும் தேவையைவிடத் தகுதியைக் காட்டும் அடையாளமாகவே இருந்தது. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பு வழியே அறியப்படும் நகரில், பல்லக்கும் குடையும் விருதுகளும் ஒருவரின் நிலையை ஊருக்கு அறிவித்தன. பல்லக்கில் செல்வது உரிமையாகவும் வரிசையாகவும் கருதப்பட்டது, ஏனையோர் நடந்தனர். பொதுமக்களுக்கான ஊர்தி என்னும் கருத்துக்கே இத்திட்டத்தில் இடமில்லை. அக்கால நகரங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும் என்பதால் இதைக் குறையாகக் கொள்ள இயலாது. அத்தேவை எழுந்த பிறகும் திட்டம் மாறாது நின்றதே ஆராயத்தக்கது.

3. விளிம்பில் நின்ற ரயில்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுச்சேரியின் வணிகம் தென்னார்க்காட்டு வேர்க்கடலையையும் நீலத்துணியையும் சார்ந்திருந்தது. இயற்கைத் துறைமுகம் இல்லாமையால், கடலில் நங்கூரமிட்ட கப்பல்களுக்குப் படகுகள் வழியே சரக்கு ஏற்றப்பட்டது. இவ்விடர்ப்பாட்டைக் குறைக்க 1866இல் இரும்புக் கப்பல்துறைப் பாலம் கட்டப்பட்டது. 1952ஆம் ஆண்டுப் புயலில் அழியும்வரை நகரின் கடல்வாயில் அதுவே.

நிலவழி வாயிலாக அமைந்தது ரயில். விழுப்புரம்–புதுச்சேரி மீட்டர் பாதை 1879 டிசம்பரில் திறக்கப்பட்டது. புதுச்சேரி ரயில்வே நிறுவனத்தின் பெயரில் அமைந்த இப்பாதையை இயக்கும் பொறுப்பு தென்னிந்திய ரயில்வேயிடம் இருந்தது. ஏறத்தாழ 38 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை வில்லியனூர் வழியாக வந்து, தெற்குப் புல்வாருக்கு வெளியே முடிந்தது. சரக்கைக் கடலுக்குக் கொண்டுசேர்ப்பதே இதன் முதன்மை நோக்கம் எனக் கொள்வதற்கு இவ்வமைவிடம் சான்றாகிறது. உள்நாட்டு வேளாண் பகுதியைக் கடற்கரையோடு இணைத்த இப்பாதை, நகருக்குள் ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு இணைக்கவில்லை.

ஒப்பீட்டுக்கு இரு நகரங்களைக் குறிப்பிடலாம். சென்னையில் 1895 முதல் 1953 வரை மின் டிராம் இயங்கியது. சந்தைக்கும் துறைமுகத்துக்கும் குடியிருப்புக்கும் இடையே மக்கள் குறைந்த கட்டணத்தில் செல்ல அது வழிவகுத்தது. பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த ஹனோயில் 1901இல் தொடங்கிய டிராம், பழைய வணிக வீதிகளை ஒட்டிய ஏரிக்கரை வரை வந்தது. ஆகவே, பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியே நகருக்குள் பொது ஊர்தியைத் தவிர்த்தது என்று பொதுமைப்படுத்த இயலாது. ஹனோய் விரிந்துகொண்டிருந்த தலைநகரம். புதுச்சேரியோ, நிலப்புறமெங்கும் பிரித்தானிய இந்தியாவால் சூழப்பட்டு விரிய இயலாத நகரம். முதலீட்டைக் கோரும் அளவுக்குப் பயணத் தொலைவு இங்கே இல்லை எனக் கருதப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

இச்சூழலைப் புரிந்துகொள்ள எல்லையின் இயல்பையும் நோக்க வேண்டும். 1814ஆம் ஆண்டு உடன்படிக்கை, 1792 ஜனவரி 1 அன்று பிரெஞ்சுக்காரர் வசமிருந்த இடங்களைத் திருப்பியளிக்க வகைசெய்தது. 1816இல் புதுச்சேரி ஒப்படைக்கப்பட்டது. இதன் விளைவாகப் புதுச்சேரிப் பகுதி தொடர்ச்சியான நிலப்பரப்பாக அமையாமல், பிரித்தானியக் கிராமங்களிடையே சிதறிய துண்டுகளாக அமைந்தது. ஊரிலிருந்து அடுத்த ஊருக்குச் செல்பவர் பலமுறை அயல்நாட்டைக் கடந்தார். எல்லையில் சுங்கச் சோதனை நடந்தது. பயணம் என்பது இங்கே போக்குவரத்துச் சிக்கலாக மட்டுமன்றி, ஆட்சியெல்லைச் சிக்கலாகவும் இருந்தது.

4. புஷ்வண்டி: இடைவெளியின் ஊர்தி

ரயிலும் கப்பலும் விளிம்பில் நின்றதால், அங்கிருந்து வீடு வரையிலான பயணத்துக்கு ஓர் ஊர்தி தேவைப்பட்டது. அதை நிறைவு செய்தது 'பூஸ்-பூஸ்' எனப் பிரெஞ்சிலும் புஷ்வண்டி எனத் தமிழ் வழக்கிலும் அறியப்பட்ட வண்டி. பிற கீழை நகரங்களின் கைரிக்‌ஷாவை ஆள் முன்னால் நின்று இழுப்பார். புதுச்சேரி வண்டியைப் பின்னாலிருந்து ஆள் தள்ள, உள்ளே அமர்ந்தவர் கைப்பிடியால் முன்சக்கரத்தைத் திருப்பி வழிநடத்துவார். நகரைக் கண்டு எழுதிய வெளியூர்ப் பயணிகள் பலரும் இதைப் புதுமையாகப் பதிவு செய்துள்ளனர்.

இவ்வண்டியின் இயக்கமுறை கருதத்தக்கது. திசையை முடிவு செய்பவர் ஒருவர், உழைப்பவர் மற்றொருவர். பல்லக்கு வெளிப்படுத்திய தகுதி வேறுபாடு, சக்கரம் வந்த பின்னும் தொடர்ந்தது. அதேவேளை இது பல்லக்கினின்று வேறுபட்டது. பல்லக்குக்குப் பலர் தேவை; இதற்கு ஒருவர் போதும். எனவே குடும்பச் சொத்தாக இருந்த ஊர்தி, வாடகைக்குக் கிடைக்கும் ஊர்தியாக மாற இது இடைப்படியாக அமைந்தது. சமதரையும் நேர்வீதிகளும் குறுந்தொலைவும் இதற்கு உகந்த நிலைகள். வகுத்தவர் எண்ணாதபோதும், நகரத்தின் வடிவமே இவ்வண்டியைச் சாத்தியமாக்கியது.

பின்னர் மிதிவண்டியும் சைக்கிள் ரிக்‌ஷாவும் ஆட்டோவும் இதே இடைவெளியை நிரப்பின. வண்டியின் வடிவம் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. அது செய்த பணி மாறவில்லை. அரசோ நகராட்சியோ பொறுப்பேற்காத கடைசிக் கிலோமீட்டரைத் தனியொருவரின் உடலுழைப்பு ஈடு செய்தது.

5. ஆலைகளும் புறநகரும்

நகரம் புல்வாருக்கு வெளியே வளர்ந்ததற்குப் பஞ்சாலைகள் முதன்மைக் காரணம். சவானா ஆலை, கெப்ளே ஆலை, 1898இல் தொடங்கிய ரோடியர் ஆலை ஆகியன நீள்வட்டத்தைத் தாண்டிய பகுதிகளில் எழுந்தன. பின்னாளில் ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) என அறியப்பட்ட ரோடியர் ஆலை, முதலியார்பேட்டையில் கடலூர்ச் சாலையில் அமைந்தது. ஆலைகளைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, முத்தியால்பேட்டை போன்ற ஊர்கள் பேட்டைத் தன்மையிலிருந்து நகர்ப்புறத் தன்மைக்கு மாறின.

1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் சவானா ஆலைத் தொழிலாளர் 12 பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து எட்டு மணி நேர வேலையுரிமை வந்தது. இந்நிகழ்வுகள் தொழிற்சங்க வரலாற்றில் விரிவாக எழுதப்பட்டவை. நகரமைப்பு நோக்கில் அவற்றிலிருந்து மற்றொன்றும் பெறப்படுகிறது. புதுச்சேரி அரசியலின் திருப்புமுனை, திட்டமிட்ட நகரின் சதுக்கங்களில் நிகழாமல், திட்டத்துக்குப் புறம்பான ஆலை வாயிலில் நிகழ்ந்தது. நகரின் உழைப்பு மையம் ஏற்கெனவே புல்வாரைக் கடந்துவிட்டது. வரைபடத்தில் அது இன்னும் 'வெளி'யாகவே இருந்தது. அந்தப் போராட்டத்தை வழிநடத்திய வ. சுப்பையாவின் பெயரே பின்னர் தெற்குப் புல்வாருக்குச் சூட்டப்பட்டது.

6. இணைப்புக்குப் பின்: ஒரு நகரம், பல ஆட்சிகள்

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்த வாக்கெடுப்பையடுத்து, நவம்பர் 1 அன்று புதுச்சேரி நடைமுறையில் இந்தியாவுடன் இணைந்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பும், 1963 ஜூலை 1 அன்று ஒன்றியப் பகுதித் தகுதியும் நடைமுறைக்கு வந்தன. சுங்கச் சாவடிகள் நீங்கின, எல்லை நீங்கவில்லை. அயல்நாட்டு எல்லையாக இருந்தது மாநில எல்லையாகியது. பேருந்து வழித்தட உரிமம், வாகன வரி, சாலைப் பராமரிப்பு ஆகியன சிதறிய அத்துண்டுகளின்படியே பிரிந்தன. கடலூருக்கோ திண்டிவனத்துக்கோ செல்லும் பேருந்து இரு அரசுகளின் அனுமதிக்கு உட்பட்டது. அண்டை மாநிலங்களைவிடக் குறைந்த வாகன வரி, சொந்த வாகனப் பெருக்கத்துக்கு ஊக்கமளித்தது.

உள்ளாட்சி அமைப்பும் இப்பிரிவினையை நிலைப்படுத்தியது. 1880ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணை வகுத்த கொம்யூன் முறை, 1973ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம், கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் ஆகியவற்றின் வழியே புது வடிவில் தொடர்ந்தது. இன்று புதுச்சேரிப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை ஆகிய 2 நகராட்சிகளும், அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய 5 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. லாஸ்பேட்டையில் குடியிருந்து நேரு வீதியில் பணிபுரியும் ஒருவர் தம் அன்றாடப் பயணத்தில் இரு நகராட்சிகளைக் கடக்கிறார். அப்பயணம் முழுமைக்கும் பொறுப்பான உள்ளாட்சி எதுவும் இல்லை.

1969ஆம் ஆண்டு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் திட்டக் குழுமத்துக்கு வழிவகுத்து, நகராட்சி எல்லைகளைத் தாண்டிச் சிந்திக்கும் வாய்ப்பைத் தந்தது. ஆயினும் நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் அமைப்பும் பேருந்தை இயக்கும் அமைப்பும் தனித்தனியே நின்றன. அரசுப் பேருந்துத் துறை தொடக்கத்தில் சுற்றுலாவுடன் ஒரே கழகமாக இருந்து, பின்னரே புதுச்சேரி சாலைப் போக்குவரத்துக் கழகமாகப் பிரிந்தது. பேருந்து முதலில் விருந்தினருக்கான வசதியோடு சேர்த்து எண்ணப்பட்டது என்பதை இவ்வமைப்பு வரலாறு உணர்த்துகிறது. மேலும், 1968க்குப் பின் 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வமைப்புகளின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பின்னர்த் தேர்தல் நடைபெறவில்லை. பேருந்து வராத தெருவைப் பற்றி முறையிட, அத்தெருவினர் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினரே இல்லாத நிலை ஏற்பட்டது.

7. டெம்போவும் பேருந்து நிலையமும்

ரயில் நிலையம் தெற்கு விளிம்பில் நின்றது போலவே, மறைமலை அடிகள் சாலையில் அமைந்த புதிய பேருந்து நிலையமும் மேற்குப் புல்வாருக்கு வெளியே நின்றது. நீள்வட்டத்தினுள் குறுகிய வீதிகளில் பெரும் பேருந்துகள் புகுவது அரிது. ராஜீவ் காந்தி சதுக்கம், இந்திரா காந்தி சதுக்கம், நூறடிச் சாலை ஆகியன புதிய சந்திப்புகளாயின. இவற்றையும் புல்வார்களையும் குடியிருப்புகளையும் இணைத்தவை தனியார் நகரப் பேருந்துகளும் டெம்போக்களுமாகும். குறிப்பிட்ட தடத்தில் பலரை ஏற்றிச் செல்லும் மூன்று சக்கர டெம்போ, புதுச்சேரி அன்றாட வாழ்வில் பிரிக்க இயலாத ஊர்தி. கையசைத்த இடத்தில் நிற்பதும், ஆள் சேர்ந்தபின் புறப்படுவதும் இதன் இயல்பு. கால அட்டவணைக்குக் கட்டுப்பட்ட பேருந்து விட்ட இடத்தை இது நிரப்புகிறது. புஷ்வண்டி வகித்த இடத்தை டெம்போ வகிக்கிறது என்பது வெறும் உவமையன்று. விளிம்பில் நிற்கும் பெரிய ஊர்தியும் உள்ளே செல்லும் சிறிய ஊர்தியும் என்ற அதே பகுப்பு நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்கிறது.

2017 ஜூனில் புதுச்சேரி பொலிவுறு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. அத்திட்டத்தின்கீழ்ப் பேருந்து நிலையம் மறுகட்டுமானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 2024இல் பேருந்துகள் தற்காலிகமாக ஏ.எஃப்.டி. திடலுக்கு மாற்றப்பட்டன. 2020இல் மூடப்பட்ட ஆலையின் பெயரைத் தாங்கிய அத்திடல், சில காலம் நகரின் வாயிலாகச் செயற்பட்டது. அதன் அருகிலேயே கடலூர்ச் சாலையை வெட்டிச் செல்லும் ரயில் கடவை உள்ளது. ரயில் வரும்போதெல்லாம் அங்கே பேருந்துகள் வரிசையில் காத்து நிற்கின்றன. 1879இன் பாதை, 1898இன் ஆலை, இன்றைய பேருந்து ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தடுத்து நிற்கும் காட்சி, புறநகர் ஒருபோதும் முழுமையாகத் திட்டமிடப்படாததன் விளைவாகும்.

8. மாற்றுக் கருத்தும் மதிப்பீடும்

விளிம்பில் ஊர்திகளை நிறுத்தியதே நகரைக் காத்தது என்னும் மாற்றுக் கருத்து வலிமையுடையது. பேருந்துக்காக வீதிகள் அகலப்படுத்தப்பட்டிருந்தால் திண்ணை வீடுகளும் மாடவீடுகளும் இடிக்கப்பட்டிருக்கும். கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வாகனங்களுக்கு மூடப்படுவதால் ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கானோர் அங்கே அச்சமின்றி நடக்கின்றனர். நடைக்கு வரையப்பட்ட நகரம் நடைக்கே உகந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இக்கருத்தை ஏற்கும்போதே அதன் வரம்பையும் சுட்ட வேண்டும். ஊர்தி தவிர்ப்பு நீள்வட்டத்தினுள் பொதுவிதியாக நடைமுறைப்படுத்தப்படவில்லை. பேருந்து வெளியே நின்றது. கார்களும் இருசக்கர வாகனங்களும் உள்ளே வந்தன. வீதியின் இரு ஓரங்களையும் நிறுத்தப்பட்ட வாகனங்கள் எடுத்துக்கொண்டன. ஐம்பது பேரைச் சுமக்கும் ஊர்திக்கு இடமில்லாத வீதியில், ஒருவருக்கான ஊர்திக்கு இடம் கிடைத்தது. எனவே, குறுகிய வீதி என்பது பேருந்துக்கு மட்டும் தடையாகவும் சொந்த வாகனத்துக்கு இசைவாகவும் பயன்பட்டது. இதன் சுமை, சொந்த வாகனமில்லாத புறநகர்வாசிகள்மீதும் முதியோர்மீதும் விழுகிறது. மரபுப் பாதுகாப்பும் பொதுப் போக்குவரத்தும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. விளிம்புவரை உறுதியான பேருந்து இருந்தால்தான் உள்ளே வாகனமற்ற வீதி நிலைக்கும்.

9. முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• புதுச்சேரியின் வீதி அமைப்பு மதிலுக்கு உட்பட்ட நடைநகருக்கு உரியது. மதில் நீங்கிப் புல்வார் தோன்றிய பின்னும் 'நகரம்' என்பதன் எல்லையாக அக்கோடே கருதப்பட்டது.

• கப்பல்துறைப் பாலம், ரயில், பஞ்சாலை, பேருந்து நிலையம் ஆகியன வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு ஆட்சிகளில் தோன்றியபோதும் விளிம்பிலோ வெளியிலோ அமைந்தன. ஆட்சிமாற்றம் இவ்வமைப்பை மாற்றவில்லை.

• விளிம்புக்கும் இல்லத்துக்கும் இடைப்பட்ட பயணம் புஷ்வண்டி, ரிக்‌ஷா, ஆட்டோ, டெம்போ எனச் சிறுதொழிலாளரின் உழைப்பாலேயே நிகழ்ந்தது. இவர்கள் நகரமைப்பின் புறக்குறிப்பில் வைக்கத்தக்கவர் அல்லர். அதன் விடுபட்ட பகுதியை நிறைவு செய்தவர்கள்.

• உடன்படிக்கை வகுத்த சிதறிய எல்லைகளும் கொம்யூன் வழிவந்த உள்ளாட்சிப் பிரிவுகளும், பயணத்தை முழுமையாகக் கருதும் திட்டமிடலுக்கு இடையூறாயின.

புல்வாருக்குள் எதைக் காப்பது என்னும் வினா இரு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. உழவர்கரையிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் நாள்தோறும் வருபவர் எவ்வாறு வந்து சேர்வது என்னும் வினா அதே அழுத்தத்தோடு கேட்கப்படவில்லை. 2011இல் 6,57,209 பேரைக் கொண்டிருந்த நகரத்திரளுக்கு, மதிலின் சுவட்டைப் பின்பற்றும் வரைபடம் மட்டும் போதாது. டெம்போ தடங்கள், ஆலைத் தொழிலாளரின் நடைவழிகள், ரிக்‌ஷாக்காரரின் வாய்மொழி நினைவுகள் ஆகியவற்றைத் தொகுக்கும் கள ஆய்வுகள் மேற்கொள்ளப்படுமாயின், புதுச்சேரியின் நகரமைப்பு வரலாறு நடந்து சென்றவர்களின் பக்கமிருந்தும் எழுதப்படும்.